மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி

"டாக்டரைத் தனியாகப் பார்க்க வேண்டுமென்றால் 5 வாரம் ஆகும். குழுவாகப் பார்க்கச் சம்மதம் என்றால் அடுத்த வியாழக்கிழமையே வந்துவிடலாம்."

போனில் மருத்துவமனைப் பெண் இப்படிச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது, சின்ன வயதில் அம்மாவோடு போன ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் மேஜையைச் சுற்றி ஆறேழு பேர் நிற்பார்கள். ஒருவர் நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு தயாராக இருப்பார். அம்மா தன் வயிற்று வலியைக் குரலைத் தாழ்த்திச் சொல்லுவாள். "சத்தமா சொல்லும்மா" என்பார் டாக்டர். வீடு திரும்பும் வழியெல்லாம் அம்மா வாயே திறக்கமாட்டாள். அமெரிக்கா வந்து 26 வருடம் கழித்து, தோலில் புற்றுநோய் என்று எழுதிய காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அப்படி ஒரு இடத்தில் போய் நிற்க வேண்டுமா என்று மனசு சுணங்கியது.

ஆனால் 5 வாரம் காத்திருக்க அதைவிடப் பயமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

என் வலது மூக்கு மடலில், மூக்குத்திக்குச் சற்று மேலே, மிளகில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி இரண்டு வருடமாக இருந்தது. மூக்குத்தி உரசி வந்த தழும்பு என்று நினைத்தேன். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரும் மச்சம் என்றார். குளித்துவிட்டுத் துண்டால் முகம் துடைக்கும்போது ஒரு நாள் துண்டில் ரத்தம். ஆறியது. மூன்று வாரத்தில் மறுபடி ரத்தம். ஆறுவதும் கசிவதுமாக நாலைந்து முறை ஆனபிறகுதான் தோல் மருத்துவரிடம் போனேன். அவர் கையில் இருந்த பூதக்கண்ணாடி விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டு மேலாகச் சீவி எடுத்து பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, அனுப்பினார். வந்த பதில்: பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்றுநோய், நிறமி கலந்த வகை.

அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது பாளையங்கோட்டையிலிருந்து ஒரே சத்தம். "ஏட்டி, தோல்லயா? வெள்ளக்காரங்களுக்குல்லா அது வரும்? நம்ம நெறத்துக்கு எப்படி வரும்?"

அக்கா கேட்டதை இரண்டு வருடமாக நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நம் நிறத் தோலில் இது குறைவாக வரும், வராமல் இருக்காது. வந்தால் பெரும்பாலும் கறுப்பாக, பளபளப்பாக, மச்சம் போலவே இருக்கும். வெள்ளைத் தோலில் வருவது போல முத்து நிறத்தில், சிவப்பு ரத்தக் குழாய் ஓடித் தெரியாது. அதனாலேயே நமக்குத் தாமதமாகக் கண்டுபிடிக்கிறார்கள். இந்த வகைப் புற்றுநோய் உடம்பில் வேறு இடத்துக்குப் பரவுவது மிக மிக அபூர்வம், ஆனால் இருக்கும் இடத்தில் அரித்துக்கொண்டே போகும். மூக்கு, கண்ணிமை, காது என்று தோலை வீணாக்க முடியாத இடங்களில் வந்தால், அடுக்கடுக்காக எடுத்துச் சோதிக்கிற மோஸ் அறுவை சிகிச்சை செய்வார்கள். அதற்கு முன்னால் டாக்டரைச் சந்திக்கும் ஆலோசனைக்குத்தான் என்னைக் குழுவாக வரச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒஹாயோவில் நாங்கள் இருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரம் கார். அறையில் நாற்காலிகளை ப வடிவத்தில் போட்டிருந்தார்கள். நோயாளிகள் 8 பேர், துணைக்கு வந்தவர்கள் 5 பேர். நுழைந்ததும் ஒரு காகிதத்தில் கையெழுத்து: இங்கே கேட்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று. துணைக்கு வந்தவர்களும் போட வேண்டும். அதனால் இங்கே நான் எழுதுவதில் யார் பெயரும் இருக்காது, ஆளைக் கண்டுபிடிக்கிற மாதிரி அடையாளமும் இருக்காது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், மாத்திரைப் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். உங்கள் விவரத்தை மற்றவர்கள் முன்னால் பேச வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள், தனியாகப் பேசுவோம் என்று நர்ஸ் ஒவ்வொருவரிடமும் குனிந்து கேட்டார். அம்மாவோடு போன ஆஸ்பத்திரிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கேள்வியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

உடம்பைப் பார்ப்பது தனி அறையில்தான். நர்ஸ் பொது விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகப் பக்கத்து அறைக்கு அழைப்பார்கள். அங்கே டாக்டர் இடத்தைப் பார்த்து, அளந்து, தனியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டு அனுப்புவார். எல்லோரையும் பார்த்து முடித்ததும் அவரும் வந்து எங்களோடு உட்காருவார். மொத்தம் ஒன்றரை மணி நேரம். தனியாகப் போயிருந்தால் எனக்குக் கிடைத்திருப்பது 15 நிமிடம். கோ-பே, அதாவது காப்பீடு போக நாம் கட்டும் பங்கு, வழக்கமான சந்திப்புக்கு உள்ளதேதான் வாங்கினார்கள். உங்கள் காப்பீட்டில் எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

என் முறை வந்தபோது டாக்டர் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "பயாப்ஸி எடுத்த இடத்தை விரலால் காட்டுங்கள்" என்றார். உடனே காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் என் மகளைப் பார்த்து, அன்றைக்குப் போட்டோ ஏதாவது எடுத்தீர்களா என்றார். நல்ல வேளை, அப்பாவுக்கு அனுப்புவதற்காக அவள் ஒன்று எடுத்திருந்தாள். பார்த்தால் நான் காட்டிய இடம் தப்பு. நான் தொட்டது மூக்குத்தித் துளையின் ஓரம், பயாப்ஸி எடுத்தது அதற்கு 4 மில்லிமீட்டர் மேலே. நாலே வாரத்தில் புண் அவ்வளவு சுத்தமாக ஆறிப்போயிருந்தது. என் முகம், தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம், எனக்கே தெரியவில்லை. தோல் டாக்டர் அலுவலகத்திலிருந்து போட்டோ வந்து சேரவில்லை, இப்படி அடிக்கடி நடக்கும், இடம் மாறிப்போவதுதான் இந்தச் சிகிச்சையில் எங்களுக்குப் பெரிய கவலை என்றார் டாக்டர். ஆகவே பயாப்ஸி எடுக்கும் அன்றே, கட்டுப் போடுவதற்கு முன், கண்ணோ காதோ சேர்ந்து தெரிகிற தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று என்று இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் எடுங்கள்.

குழுவுக்குத் திரும்பியபோது நர்ஸ் வெள்ளைப் பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். புல்தரையில் முளைக்கும் களையை உதாரணமாகச் சொன்னார். எனக்கு அது எங்கள் வயல் கோரையாகத்தான் தெரிந்தது. மேலே தெரிவது ஒரு கொத்து, கீழே கிழங்கு எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று தோண்டும்வரை தெரியாது, ஒரு கிழங்கு மிச்சம் இருந்தாலும் மறுபடி வந்துவிடும். மோஸ் முறையில் முதலில் மெல்லிய தட்டு மாதிரி ஒரு அடுக்கை எடுப்பார்கள். அதன் ஓரங்களில் வேறு வேறு நிற மை தடவி, முகத்தில் அது இருந்த திசையை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொள்வார்கள். அங்கேயே பக்கத்து ஆய்வகத்தில் அதை உறைய வைத்து, அடிப்பாகமும் ஓரமும் முழுசாகத் தெரியும்படி சீவி, டாக்டரே நுண்ணோக்கியில் பார்ப்பார். கடிகாரத்தில் 2 மணி இருக்கும் பக்கம் மட்டும் மிச்சம் இருந்தால் அங்கே மட்டும் இன்னொரு அடுக்கு. மிச்சம் இல்லை என்று ஆகும்வரை இப்படியே. வழக்கமான முறையில் ரொட்டியைத் துண்டு போடுவது போல வெட்டி நாலைந்து துண்டைப் பார்ப்பார்கள், அதில் ஓரத்தின் 1 சதவீதம்கூடக் கண்ணில் படாது என்றார். முதல் முறை வந்த பேசல் செல் புற்றை மோஸில் எடுத்தால் 100க்கு 99 பேர் வரை குணமாகிறார்கள். ஃபிரெடரிக் மோஸ் என்பவர் 1930களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முறை இது. அப்போதெல்லாம் துத்தநாகக் குளோரைடுப் பசையைத் தடவிவிட்டு அடுத்த அடுக்குக்கு மறுநாள்வரைகூடக் காத்திருக்க வேண்டுமாம். இப்போது ஒரு அடுக்குக்கு ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம்.

இதெல்லாம் கையேட்டிலும் இருந்தது. மற்றவர்கள் கேட்ட கேள்விகள் எந்தக் கையேட்டிலும் இல்லை.

எதிரில் இருந்த ஒரு பெரியவர், சோளமும் சோயாவும் போடுகிற விவசாயி, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை ஒரு வாரமாக நிறுத்திவிட்டேன், சரிதானே என்று கேட்டார். நர்ஸ் சட்டென்று எழுந்து டாக்டரை அழைத்து வந்தார். யார் நிறுத்தச் சொன்னது? யாரும் சொல்லவில்லை, பல் பிடுங்கும்போது ஒரு தடவை நிறுத்தினேன், அதேபோல இப்போதும் என்று நினைத்தேன் என்றார் பெரியவர். டாக்டர் அவருக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார். இந்த அறுவை சிகிச்சையில் ரத்தம் வந்தால் நாங்கள் நிறுத்திக்கொள்வோம், ஆனால் மாத்திரையை நிறுத்தி மூளையிலோ இதயத்திலோ அடைப்பு வந்தால் அதைச் சரிசெய்வது எங்கள் கையில் இல்லை என்றார். அந்த அறையிலிருந்தே அவருடைய இதய டாக்டர் அலுவலகத்துக்குப் போன் போனது. அறையில் அத்தனை பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு பேர் அவசர அவசரமாகத் தங்கள் மாத்திரைப் பட்டியலை எடுத்துப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அதைத் தொடர்ந்து ஒரு பாட்டி, "நான் மீன் எண்ணெய்க் குளிகை சாப்பிடுகிறேன், அதையும் எழுத வேண்டுமா?" என்றார். வேண்டும், வைட்டமின் ஈ, பூண்டுக் குளிகை எல்லாமே ரத்தக் கசிவைக் கூட்டலாம், கடையில் நீங்களே வாங்குவதையும் எழுதுங்கள் என்றார் நர்ஸ். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூட்டு வலிக்காக இரண்டு வருடமாக மஞ்சள் சாறு குளிகை சாப்பிட்டு வருகிறேன். மஞ்சளை நான் மருந்து என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, என் பட்டியலில் இருந்தது சர்க்கரை மாத்திரையும் தைராய்டு மாத்திரையும் மட்டும். கையைத் தூக்கிக் கேட்டேன். குழம்பில் போடும் மஞ்சளுக்குப் பிரச்சினை இல்லை, குளிகையை 10 நாள் முன்னாடியே நிறுத்திவிடுங்கள் என்றார். அந்தப் பாட்டி மீன் எண்ணெயைக் கேட்காமல் இருந்தால் நான் மஞ்சளைக் கேட்டிருக்கவே மாட்டேன்.

நமக்கு என்ன தெரியாது என்பதே நமக்குத் தெரியாதபோது டாக்டரிடம் என்ன கேட்க முடியும்? "வேறு ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று டாக்டர்கள் கேட்கும்போதெல்லாம் நான் தலையாட்டிவிட்டு வருகிறவள். அன்றைக்கு ஏழு பேர் எனக்கும் சேர்த்துக் கேட்டார்கள்.

பள்ளிப் பேருந்து ஓட்டுகிற ஒருவர், கண்ணுக்குக் கீழே புற்று, நேரடியாகக் கேட்டார்: "எவ்வளவு பெரிய ஓட்டை விழும்?" எல்லோர் மனதிலும் இருந்தது அதுதான். டாக்டர் மழுப்பவில்லை. எடுத்து முடிக்கும்வரை சொல்ல முடியாது, வெளியே தெரிவதைவிடப் பெரியதாகத்தான் இருக்கும், நேராக இழுத்துத் தைத்தால் தையல் கோடு ஓட்டையின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளம் வரும் என்றார். பிறகு போட்டோக்கள் காட்டினார். பார்க்க வேண்டாம் என்பவர்கள் தலையைக் குனிந்துகொள்ளுங்கள், நான் முடிந்ததும் சொல்கிறேன் என்று முன்கூட்டியே சொன்னார். இரண்டு பேர் குனிந்துகொண்டார்கள். நான் பார்த்தேன். முதல் நாள், ஒரு வாரம், மூன்று மாதம் என்று ஒரே முகம் மூன்று படமாக வந்தது. முதல் படத்தைப் பார்த்து என் மகள் என் கையை இறுக்கினாள், மூன்றாவது படத்தில் விட்டாள்.

எங்களில் ஒருவருக்கு இது இரண்டாவது மோஸ். 70 வயதுக்கு மேல் இருக்கும். தன் நெற்றிப்பொட்டைக் காட்டி, தொட்டுப் பாருங்கள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சொன்னது டாக்டர் சொன்னதைவிட எனக்குள் ஆழமாக இறங்கியது. "முதல் ஊசிதான் வலிக்கும். மூக்கில் போட்டால் கண்ணில் தானாகத் தண்ணீர் வரும், அது அழுகை கிடையாது, துடைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்றும் தெரியாது. காத்திருப்பதுதான் கஷ்டம். காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மத்தியானத்துக்கும் கட்டிக்கொண்டு வாருங்கள். தலை வழியாகக் கழற்றுகிற சட்டை போடாதீர்கள், முன்னால் பொத்தான் வைத்ததைப் போடுங்கள். அன்றைக்கு வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்."

என் கேள்வியை நான் கேட்கவேயில்லை. 19 வயதில் அம்மா கூட நின்று குத்திவிட்ட மூக்குத்தி. ஒற்றைக் கல். அதைப் பற்றி இத்தனை பேர் முன்னால் எப்படிப் பேசுவது, உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் நகையைப் பற்றிக் கேட்டால் என்ன நினைப்பார்கள் என்று அடக்கிக்கொண்டேன். மீன் எண்ணெய்ப் பாட்டி என் பக்கம் திரும்பி, என் மூக்கைப் பார்த்து, "அந்த அழகான கல்லை இவர் கழற்ற வேண்டி வருமா டாக்டர்?" என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகுதான் பதில் சொன்னார். ரத்தக் குழாயை அடைக்க மின்சாரச் சூடு வைப்போம், பக்கத்தில் உலோகம் இருக்கக்கூடாது, கழற்றித்தான் ஆகவேண்டும். துளை இருக்கும் இடமே வெட்டுக்குள் போகலாம். அந்தப் பக்கம் மறுபடி மூக்குத்தி போட முடியாமலும் போகலாம். கண் கலங்கிவிட்டது எனக்கு. பாட்டி தன் கைப்பையிலிருந்து ஒரு டிஷ்யூவை எடுத்து நீட்டினார். அந்த அறையில் யாரும் அதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அறுவை சிகிச்சை நாள் காலையில் மேஜையில் படுத்துக்கொண்டு அதைத் தெரிந்துகொண்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அன்று காட்டிய போட்டோக்கள் அத்தனையும் வெள்ளைத் தோல். தழும்பு எங்கள் தோலில் எப்படி ஆறும் என்று ஒன்றுகூட இல்லை. இதை நான் தனி அறையில் டாக்டரிடம் கேட்டிருந்தேன். தழும்பு கொஞ்சம் கறுக்கலாம், சிலருக்குத் தடித்து எழும்பும், வெயில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆறியபின் சிலிக்கான் ஜெல் தடவலாம் என்றெல்லாம் சொல்லிவிட்டு, இதைக் குழுவிலும் பேசட்டுமா என்று அனுமதி கேட்டார். சரி என்றேன். பழுப்பு, கறுப்புத் தோலில் இந்தப் புற்று மச்சம் மாதிரி இருப்பதையும் வெயிலே படாத இடத்தில்கூட ஸ்குவாமஸ் செல் என்ற இன்னொரு வகைத் தோல் புற்று வருவதையும் அவர் சொன்னபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அன்று முதல் முறையாகப் பேசினார். அவருக்குக் காலில், முழங்காலுக்குக் கீழே. ஆறாத புண் என்று ஒரு வருடம் களிம்பு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் கார் நிறுத்தும் இடம்வரை சேர்ந்து நடந்து போனோம்.

இன்னொரு ஆள் தன் மைத்துனரின் நோய், காப்பீட்டுச் சண்டை என்று 10 நிமிடம் எடுத்துக்கொண்டார். நர்ஸ் நயமாக வெட்டினார். நடத்துகிறவர் கெட்டிக்காரராக இல்லாவிட்டால் குழு ஒருவர் கையில் போய்விடும்.

வீட்டுக்கு வந்து, இந்தக் குழுச் சந்திப்பு முறையை யார் ஆரம்பித்தது என்று தேடிப் படித்தேன். எட்வர்ட் நாஃப்சிங்கர் என்ற உளவியலாளர் 1990களில் கலிஃபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ நிறுவனத்தில் இதை ஆரம்பித்திருக்கிறார். பிறகு சர்க்கரை நோய், கர்ப்பிணிகள் பரிசோதனை என்று பலவற்றுக்கும் பரவியிருக்கிறது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் டார்ட்மத்-ஹிட்ச்காக் மருத்துவ மையத்தில் மோஸ் ஆலோசனைக்கே இதைச் செய்து பார்த்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எனக்கு நிஜமாகவே சந்தோஷம் தந்தது வேறொன்று: புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையில் கண் அழுத்த நோய் உள்ள 1,000 பேரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பாதிப் பேருக்குத் தனித்தனியாக, மற்றவர்களுக்கு ஐந்தைந்து பேராக. குழுவாகப் பார்த்தவர்கள் நோயைப் பற்றி அதிகம் தெரிந்துகொண்டார்கள், சொட்டு மருந்தையும் ஒழுங்காகப் போட்டார்கள் என்று முடிவு வந்திருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "நம்ம சனங்க கூடி உக்காந்தா பேசாம இருப்பாங்களா?" என்றாள்.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் ராத்திரி மூக்குத்தியைக் கழற்ற உட்கார்ந்தோம். திருகு வருடக்கணக்கில் கழற்றாமல் இறுகிக் கிடந்தது. தேங்காய் எண்ணெயைக் காதுக்குச்சியில் தொட்டு, மூக்குக்குள்ளே திருகைச் சுற்றித் தடவிவிட்டு 20 நிமிடம் விட்டோம். மகள் இரண்டு விரலால் கல்லைப் பிடித்துக்கொள்ள, நான் கட்டைவிரல் நகத்தால் உள்ளே திருகைத் திருப்பினேன். மூன்றாவது தடவை அசைந்தது. ரத்தம் வராமல் கழன்றதே பெரிசு, அந்த இடத்தில் புதிதாகக் காயம் பட்டுவிடக்கூடாது என்றுதான் கவலை. கல்லையும் திருகையும் குங்குமச் சிமிழில் போட்டு மூடினேன். காது, கழுத்து, விரல் எல்லாவற்றையும் அன்றே கழற்றிவிட்டேன். தாலிக்கொடியை மட்டும் கழற்ற மனம் வரவில்லை, காலையில் நர்ஸிடம் கேட்டேன். மூக்கிலிருந்து தூரத்தில்தான் இருக்கிறது, ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு இடத்திலும் இதற்கு விதி வேறாக இருக்கலாம், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

அறுவை சிகிச்சை நாளைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. இரண்டாவது மோஸுக்கு வந்தவர் சொன்னது சொன்னபடியே நடந்தது. ஊசி போட்டதும் கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொண்டேன். சூடு வைக்கும்போது முடி கருகுகிற வாடை வரும், பயப்படாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. முதல் அடுக்கில் மிச்சம் இருந்தது. காத்திருந்த நேரத்தில் தயிர்சாதம் சாப்பிட்டேன். இரண்டாவது அடுக்கில் சுத்தம் என்று சொன்னார்கள். துளை உள்பட அந்த இடம் போய்விட்டது. காதுக்கு முன்னாலிருந்து தோல் எடுத்து மூக்கில் ஒட்டுப் போட்டு, அதன் மேல் மஞ்சள் நிறத் துணி உருண்டையை வைத்துத் தைத்துவிட்டார்கள். ஒட்டு அசையாமல் இருக்க ஒரு வாரம் அது அப்படியே இருக்க வேண்டும்.

அன்று ராத்திரி 11 மணிக்குக் கட்டின் ஓரத்தில் ரத்தம் கசிந்தது. என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரை எடுக்கக் கிளம்பிவிட்டார். வியாழக்கிழமைக் கூட்டத்தில் நர்ஸ் கடிகாரத்தைக் காட்டிச் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது: சுத்தமான துணியை வைத்து 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள், நின்றுவிட்டதா என்று நடுவில் எடுத்துப் பார்க்காதீர்கள், பார்த்தால் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள், அதற்கும் நிற்காவிட்டால் எங்களைக் கூப்பிடுங்கள். என் மகள் போனில் நேரம் வைத்தாள். நான் சாய்ந்து உட்கார்ந்து அழுத்தினேன். 20 நிமிடத்தில் நின்றது. இப்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும்.

ஒரு வாரம் கழித்துத் துணி உருண்டையை எடுத்தபோது ஒட்டுத் தோல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது, அழுகிவிட்டதோ என்று நினைத்திருக்கிறார். எனக்கு அந்தப் பயம் இல்லை, கூட்டத்தில் அதே நிறத்தில் ஒரு மூக்கைப் பார்த்திருந்தேன். மூன்று வாரத்தில் இளஞ்சிவப்பானது, இப்போது சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் வெளுப்பாக, சின்ன வில்லை மாதிரி தெரிகிறது. வாஸ்லின் தடவி ஈரமாகவே வைத்திருந்தேன். காய விட்டால்தான் ஆறும் என்று ஊரிலிருந்து ஆளாளுக்குச் சொன்னார்கள், நான் டாக்டர் சொன்னதையே செய்தேன். முதல் வாரம் குனிந்து கோலம் போடவில்லை, அரிசி மூட்டை தூக்கவில்லை. அடுப்புப் பக்கம் ஆவியில் முகம் காட்டவில்லை. சமையல் முழுக்க என் வீட்டுக்காரர்தான்.

குழுச் சந்திப்பு எல்லோருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். என் மாமியார் மாதிரி ஆங்கிலம் புரியாதவர்களுக்குத் தனிச் சந்திப்பும் மொழிபெயர்ப்பாளரும்தான் சரி. அமெரிக்க மருத்துவமனைகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் போனிலாவது இலவசமாக ஏற்பாடு செய்வார்கள், கேட்டால்தான் கிடைக்கும். காது கேட்காதவர்கள், கூட்டத்தில் பதற்றம் வருகிறவர்கள், மறைவிடத்தில் புற்று உள்ளவர்கள் தயங்காமல் தனியாக வேண்டும் என்று சொல்லலாம், அதற்காக யாரும் கோபிக்கமாட்டார்கள். போகிறவர்கள் இரண்டு விஷயத்தை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் உங்களைத் தனியாகப் பார்க்கும் நேரம் அதில் உண்டா? அறுவை சிகிச்சை செய்யப்போகிற டாக்டரேதான் வருகிறாரா, வேறு யாராவதா? இரண்டுக்கும் ஆம் என்று வந்தால் போங்கள். துணைக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், மாத்திரைப் பட்டியலோடு அலமாரியில் இருக்கிற குளிகை, லேகியம், சூரணம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். நோட்டில் உங்கள் கேள்வியோடு மற்றவர்கள் கேட்டதற்கு வந்த பதிலையும் எழுதுங்கள். எனக்கு உதவியதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் கேள்விக்கு வந்த பதில்கள்தான்.

தையல் பிரிக்கப் போன அன்று காத்திருக்கும் அறையில் விவசாயிப் பெரியவரைப் பார்த்தேன். காது முழுக்கக் கட்டு. சட்டைப் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து ஒரு தடவை குலுக்கிக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொண்டார்.

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முழு உடம்பையும் பார்க்கிறார்கள், உச்சந்தலை, விரல் இடுக்கு, உள்ளங்கால் உட்பட. போன தடவை டாக்டர், இடது பக்கம் குத்திக்கொள்வதற்குத் தடை இல்லை என்றார். அக்கா ஊரில் ஆசாரியிடம் கேட்டு வைத்திருக்கிறாளாம், அந்தக் கல்லையே புதுத் திருகில் வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். நான் இன்னும் முடிவு செய்யவில்லை. சிமிழ் அலமாரியில் இருக்கிறது. அடுத்த பரிசோதனை அக்டோபரில்.